இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

ராத்வான்யி கொர்னேலைப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு வெந்நீர்க் குளியல் கூடத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் மனைவி யாரையும் விடமாட்டாள். தான் எழுதும் பத்திரிகையின் அலுவலகத்துக்கு அவர் போவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை மட்டும் வரும். குளியல் கூடத்தில் நடுத் தொட்டியின் மூன்றாவது தூணருகே, தொப்புள்வரை தண்ணீரில், இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பதிப்பாசிரியர்கள், இளங்கவிஞர்கள், பரிசுக் குழுக்காரர்கள் எல்லோரும் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவரைச் சுற்றி நீரில் நிற்பார்கள். புடாபெஸ்டில் இலக்கியம் அந்தக் காலத்தில் முக்கால்வாசி இப்படி அரை நிர்வாணமாகத்தான் நடந்தது.

ஆறு மொழிகளிலிருந்து நாற்பத்தோரு நூல்களை ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகளில் நாங்களே அச்சிடுவோம். அந்த ஆறில் ஜெர்மன் அவருக்குச் சுமாராக வரும். மற்ற ஐந்தும் மற்றவர்களுக்கு வரும்.

இதில் மோசடி எதுவும் இல்லை; எங்கள் ஊர் வழக்கமே அதுதான். மொழி தெரிந்த ஒருவர் மூல நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தட்டச்சு செய்து தருவார். அதற்குக் கச்சாப் பிரதி என்று பெயர். ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் வந்தால் மூன்றையும் எழுதுவார். 'இது கேலியாக இருக்கலாம்', 'இந்த மீன் நம் ஊரில் கிடையாது' என்று இடையிடையே குறிப்பும் எழுதுவார். பிறகு நடை தெரிந்த ஒருவர் அதை எடுத்து இழைத்து மெருகேற்றுவார். மெருகேற்றியவர் பெயர் அட்டையில் வரும். கச்சாப் பிரதிக்காரர் பெயர் எங்கும் வராது. பதிப்பகத்தில் இதைப் பார்த்துக்கொள்ளும் பதிப்பாசிரியன் நான். பெயர் தல்லோஷ். என் பெயரும் எங்கும் வராது. ஆனால் எனக்கு அதில் குறையில்லை, வெளியே சொல்லிக்கொள்ளும்படி நானும் ஒன்றும் செய்ததில்லை.

போர்த்துகீசிய மொழி ராத்வான்யிக்கு வந்த கதை இது. எழுபத்து நான்கில் போர்த்துகலில் புரட்சி நடந்தபோது பத்திரிகை அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. ஒன்பது வாரம் இருந்தார். புரட்சியை விடுதியின் முகப்பறையிலிருந்து பார்த்தார். ஜெர்மன் செய்தித்தாள்களைப் படித்து நாற்பது கட்டுரை அனுப்பினார். திரும்பி வரும்போது தலையில் ஒரு மீனவத் தொப்பியும், வறுத்த மத்தி மீனைக் கேட்டு வாங்குமளவுக்கு மொழியும் இருந்தன. அந்த மாதமே எங்கள் தலைமை ஆசிரியர் அவரைப் போர்த்துகீசிய இலக்கியத்தின் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்.

அப்போது கச்சாப் பிரதிக்குக் கிடைத்தவர் பான்குத்தி எதெல்கா. தகப்பனார் தச்சர், இருபதுகளில் பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு பிரேசிலுக்குப் போனவர். எதெல்கா அங்கே பள்ளிக்கூடம் படித்து, போருக்குப் பிறகு திரும்பி வந்தவர். எட்டாவது வட்டத்தில், முற்றத்தைச் சுற்றி நடைபாதை ஓடுகிற பழைய கட்டடத்தில், மூன்றாம் மாடியில் குடியிருந்தார். டிராம் பணிமனையில் வேலை பார்த்த வில்மோஷ் அவருடைய கணவர்.

ராத்வான்யி முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். காலையில் தொலைபேசியில் கூப்பிடக் கூடாது, அப்போது எழுதுவார். மாலையிலும் கூடாது, அப்போது யோசிப்பார். சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் கச்சாப் பிரதியிலேயே எழுதிவிட வேண்டும், அவர் பார்த்துக்கொள்வார்.

அந்த முறையில் வந்த புத்தகங்களில் பெரும் புகழ் பெற்றது 'உப்பளத்தில் குளிர்காலம்'. அல்வாரோ செர்கேய்ரா என்பவர் எழுதிய நாவல். எழுபத்தேழில் வந்தது; ஒன்பது ஆண்டுகளில் மூன்று பதிப்பு. நாவலை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில், பதினேழாம் அத்தியாயத்தின் முடிவில் வரும் ஒரு பத்தியைப் படிக்காதவர் கிடையாது. வானொலியில் நடிகர்கள் வாசித்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் பாடநூலில் சேர்த்தார்கள். திருமண வாழ்த்துரையில்கூட ஒரு மேயர் சொன்னார், பொருள் பிடிபடாமல்.

பத்தி இதுதான்: "இங்கே நிற்கிறேன், அணைந்த அடுப்பின் மூன்றாம் நாளில். பூமியின் வயிற்றிலிருந்து நெருப்பை ஏந்தி வர எனக்கு நேரமில்லை. அவனோ சுவரை நோக்கிப் பயணப்பட்டுவிட்டான்; அழைத்தால் விழிகள் மட்டும் திரும்பி வருகின்றன. காலமே, எனக்கு இரண்டு வாரம் கொடு. அதற்கு மேல் எதுவும் வேண்டேன் என்று வைத்தியனிடம் சொல்."

நாவல் நடப்பது தெற்குப் போர்த்துகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் உப்பளத்தில். அங்கே அடுப்பு அணைந்தால் யாருக்கு என்ன என்று எங்கள் விமர்சகர்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் அந்த அடுப்பு ஐரோப்பாவின் மனசாட்சி என்று பதினொரு பக்கம் எழுதினார். அதற்கும் ஒரு பரிசு கொடுத்தோம்.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் நான்காம் பதிப்புக்கு அச்சுக் கோத்துக்கொண்டிருந்தபோது எதெல்கா என் அறைக்கு வந்தார். கையில் பால்காரர் பையைப் போல ஒரு துணிப் பை. கோட்டைக் கழற்றவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். கச்சாப் பிரதியின் கார்பன் நகல். பதினேழாம் அத்தியாயம் பாதித் தாளில் முடிந்திருந்தது. மீதிப் பாதியில் இப்படி இருந்தது:

"இங்கே நிறுத்துகிறேன். அடுப்பு அணைந்து மூன்று நாளாகிறது. நிலவறையிலிருந்து கரி தூக்கி வர எனக்கு நேரமில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கிறார். எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள். அதற்கு மேல் தேவைப்படாது என்று மருத்துவர் சொல்கிறார்."

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிப்பதுபோல் பாவனை செய்தேன், தலையை நிமிர்த்த வேண்டியிருக்காதே என்பதற்காக.

ஒரு மனுஷி வேலைக்குத் தவணை கேட்டு எழுதியதை அந்த மேதை நாவல் என்று நினைத்திருக்கிறார். மூலத்தைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், திறந்திருந்தாலும் தெரிந்திருக்காது. மெருகேற்றுகிற அவசரத்தில் மருத்துவர் சொன்னதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுமிருந்தார்.

"ரெண்டு வாரம் கெடச்சுதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்கதானே தம்பி கூப்பிட்டீங்க. பதினெட்டாம் அத்தியாயம் இன்னும் வரலியேன்னு. கீழ்வீட்டு ஃபோன்ல."

கூப்பிட்டிருப்பேன். நான் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். பதினெட்டாம் அத்தியாயத்தைக் கட்டில் பக்கத்திலேயே மேசையைப் போட்டு முடித்தாராம். வியாழக்கிழமை வில்மோஷ் இறந்தார். திங்கட்கிழமை தாள்கள் எனக்கு வந்து சேர்ந்தன.

புத்தகம் வந்தபோது பார்த்திருக்கிறார். ஒன்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தது போன வாரம் நடந்த ஒரு சாவு. அவர்கள் கட்டடத்துக் கசாப்புக் கடைக்காரர் இறந்துபோனார். இடுகாட்டில் கூலிக்குப் பேசும் பேச்சாளர் ஒருவர், அந்த ஆளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல், பெட்டியின் தலைமாட்டில் நின்று இந்தப் பத்தியைக் கணீரென்று சொல்லியிருக்கிறார்.

"எங்க வீட்டு அடுப்ப யாரோ ஒருத்தர் பொணத்து மேல வச்சுட்டாங்க," என்றார் எதெல்கா. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அத எடுத்துருங்க."

வெள்ளிக்கிழமை குளியல் கூடத்துக்குப் போனேன். நீரில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு கவிஞர்களைக் கண்ணாலேயே அடுத்த தூணுக்கு அனுப்பிவிட்டு ராத்வான்யி கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆவியில் எல்லோர் முகமும் ஒன்றுபோலத்தான் சிவந்திருக்கும்.

"என்னப்பா தல்லோஷ், அந்தம்மா எழுதினத படிச்சுப் பார்த்தியா? கரி இல்ல, ஆள் படுத்துட்டாரு, லீவு வேணும். இது லீவ் லெட்டர். இத இலக்கியமா ஆக்கினது யாரு?"

"ஆசானே, நாவல்ல அது இல்லையே."

"இல்லாதது நாவலோட கொறை. என் கொறையா?"

பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். மார்ச் மாதம் அவருக்கு அரசின் பெரிய பரிசு வர இருந்தது. பரிந்துரையில் அந்தப் பத்தி முழுதாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை செர்கேய்ராவே புடாபெஸ்டுக்கு வருகிறார், விழாவில் பெரிய நடிகர் அதைத்தான் வாசிக்கப்போகிறார். இந்த நேரத்தில் எடுப்பதாவது. வேண்டுமானால் நான்காம் பதிப்பின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் விலாசத்துக்குக் கீழே, கச்சாப் பிரதி இன்னார் என்று சின்ன எழுத்தில் அந்த அம்மாளின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அவர் செய்த மிகப் பெரிய தியாகம் அது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

அதை எதெல்காவிடம் கொண்டுபோனேன். பன்னிரண்டு வருஷமாகக் கச்சாப் பிரதி எழுதுகிறவர். யாருக்கும் கிடைக்காத மரியாதை. சந்தோஷப்படுவார் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன்.

"பேரா? வேணாம் தம்பி. அப்புறம் அந்த ஆளு எழுதின மத்ததுக்கெல்லாம் நானும் பொறுப்புன்னு ஆயிடும்."

எடுக்கிற அதிகாரம் எனக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. சிவப்புப் பென்சில் என் கையில்தான் இருந்தது. ஆனால் மார்ச் மாதப் பரிசு எங்கள் பதிப்பகத்துக்கும் பெருமை. எனக்கும் துணைத் தலைமைப் பதவி பேச்சில் இருந்தது. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேலே யாரையும் கேட்கவில்லை.

விழாவுக்கு முன் ராத்வான்யிக்குத் தொண்டை கட்டிவிட்டது. போர்த்துகலிலிருந்து யார் வந்தாலும் அவருக்குத் தொண்டை கட்டும். ஊருக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை. கழுத்தில் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, பேச்சைப் பெயர்த்துச் சொல்ல வழக்கம்போல எதெல்காவையே அழைத்து வரச் சொன்னார். ஒருவரை அவமானப்படுத்திவிட்டு அவரையே உதவிக்குக் கூப்பிடுகிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றுகிறவர்கள் நாற்பத்தோரு நூல் போட மாட்டார்கள்.

எதெல்கா மறுக்காமல் வந்தார்.

எழுத்தாளர் சங்கத்துப் பெரிய கூடம். முந்நூறு பேர். சோடா கலந்த ஒயினும் போகாச்சா என்கிற சீஸ் ரொட்டியும் மேசைகளில். செர்கேய்ரா உருண்டையான மனிதர்; மேடையேறும்போதே யாரோ கைதட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினார். போர்த்துகல் தூதரகத்து ஆள் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கத் தயாரானார். அவருக்கு ஹங்கேரிய மொழி ஒரு சொல்லும் தெரியாது, கூடத்தில் இருந்த மற்றவர்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாததைப் போலவே.

நடிகர் வாசித்தார். "காலமே" என்ற இடத்தில் அரை நிமிடம் நிறுத்தினார். முன் வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். எதெல்கா செர்கேய்ராவின் காதருகே குனிந்து, வாசிக்கப்படுவதைப் போர்த்துகீசியத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு கூடத்தைப் பார்த்தார், கைக்குட்டைகளைப் பார்த்தார். மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தார்.

தலைமை வகித்த பேராசிரியர் கேட்டார்: உலக இலக்கியத்தின் இந்த அற்புதமான பக்கம் எப்படிப் பிறந்தது?

செர்கேய்ரா எழுந்து நின்று பேசினார். நாலு நிமிடம். ஒரு கையை நெஞ்சில் வைத்தார், இன்னொன்றைக் கடல் இருக்கும் திசையில் நீட்டினார். எங்கள் நாட்டில் கடல் கிடையாது. குரல் கம்மியது. உட்கார்ந்தார். அதைப் பெயர்த்துச் சொல்ல எதெல்கா ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இந்தப் பத்தி நான் எழுதினது இல்ல. என் நாவல்ல இது கிடையாது. இத எழுதினது இந்த ஊர்ல, எட்டாவது வட்டத்துல இருக்கிற ஒரு பொம்பள. என் புத்தகத்துக்குக் கச்சாப் பிரதி எழுதிட்டிருந்தப்ப புருஷன் சாகக் கெடந்தாரு. வேலைக்கு ரெண்டு வாரம் தவண கேட்டு எழுதின கடுதாசி இது. படிச்சவரு பதில் போடல. திருத்தி அச்சுக்கு அனுப்பிட்டாரு. அதனால இத என் புத்தகத்துலேருந்து எடுத்துரணும்னு கேட்டுக்கிறேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது பேராசிரியர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு படைப்பாளி தன் உன்னதமான வரிகளைப் பெயரற்ற உழைக்கும் பெண்ணுக்குச் சமர்ப்பிப்பதை இதைவிட அழகான உருவகத்தால் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்று கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கடிதமாம், அடுப்பாம், என்ன கற்பனை என்று என் பின்னால் ஒரு கவிஞர் சொன்னார். மக்கள் எழுந்து நிற்பதைப் பார்த்த செர்கேய்ரா, தான் சொன்ன கதை இப்படி உருக்கிவிட்டதே என்று கண் கலங்கினார். உண்மையைப் பட்டப்பகலாகப் போட்டு உடைத்தாலும் முந்நூறு இலக்கியவாதிகள் அதை மிதித்துவிடாமல் தாண்டிப் போகப் பழகியிருப்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

ஒரே ஒரு ஆள் மட்டும் கைதட்டவில்லை. ராத்வான்யி பட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உறைந்திருந்தார். என்னையும் எதெல்காவையும் தவிர அவருக்கு மட்டும்தான் அது உருவகம் அல்ல என்று தெரியும். ஆனால் சொன்னது யார்? செர்கேய்ராவா, எதெல்காவா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி செர்கேய்ராவிடம் கேட்பது. கேட்க மொழி வேண்டும். மொழி வேண்டுமென்றால் நடுவில் எதெல்கா வேண்டும்.

செர்கேய்ரா ராத்வான்யியிடம் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். காதில் என்னவோ நீளமாகச் சொன்னார். நன்றியாக இருக்கலாம், சாப்பாடு எத்தனை மணிக்கு என்ற விசாரணையாக இருக்கலாம். ராத்வான்யி கண்ணை மூடித் தலையாட்டினார். கழுத்தில் வேர்வை பட்டுத் துணியை நனைத்துவிட்டது. தண்டனையைக் காதில் வாங்கிக்கொள்கிறவர் நிலைமை அது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ராத்வான்யி என் அறைக் கதவைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரை முழு உடையில் அருகே பார்த்தேன். ஆள் குட்டை. தண்ணீரில் நிற்கும்போது தெரியாது.

"நானும் செர்கேய்ராவும் நேத்து ரொம்ப நேரம் பேசினோம்," என்றார். தொண்டை சரியாகியிருந்தது. "அந்தப் பத்தி இனிமே வேணாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். கலை ரீதியா."

"ரெண்டு பேருமா?"

"எடுத்துருப்பா. இன்னிக்கே."

அவர் கண்ணில் இருந்தது மார்ச் மாதம். செர்கேய்ரா லிஸ்பன் போய் ஏதாவது பத்திரிகையில் வாய்விட்டால் என்ன ஆகும் என்பது. பரிந்துரையிலும் வேறு மேற்கோள் போடச் சொல்லிவிட்டாராம். எனக்கு இருந்த தைரியத்துக்கு இதைவிட வசதியான கட்டளை கிடைத்திருக்காது. நானே அச்சகத்துக்குப் போய் நின்று ஈய வரிகளை எடுக்கச் சொன்னேன். பக்கங்கள் கோத்து முடிந்துவிட்டதால் மற்றதை நகர்த்த முடியாது என்றார் அச்சுக் கோப்பாளர். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தின் கீழ்ப்பாதி வெறுமையாகவே நின்றது.

திங்கட்கிழமை மெய்ப்புத் தாளைக் காட்ட எதெல்காவை அழைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முந்தின பக்கம், இந்தப் பக்கம், அடுத்த பக்கம் மூன்றையும் விரலை வைத்துப் படித்தார். எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார் என்பது புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. எங்களைப் பற்றிய அவர் கணிப்பு சரிதான்.

செர்கேய்ரா உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரு வளத்த நாய் செத்த அன்னிக்குக் கடற்கரையில உக்காந்து ஒரே மூச்சுல எழுதினாராம். அழுதுகிட்டே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் பதிப்பு டிசம்பரில் வந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்து நாலைந்து கடிதம் வந்தது. நான் பதில் போடவில்லை. ராத்வான்யி மார்ச்சில் பரிசு வாங்கினார். மறுவாரமே மூன்றாவது தூணருகே நின்று, மொழிபெயர்ப்பில் எதை விடுவது என்று தெரிவதுதான் கலை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஐரோப்பாவின் மனசாட்சியைக் கண்டுபிடித்த விமர்சகர் இந்தத் தடவை எட்டுப் பக்கம் எழுதினார்: அந்த வெள்ளை இடைவெளிதான் நாவலின் உச்சம், மரணத்தின் முன் மொழி மௌனமாகிற கணம், ராத்வான்யியின் மிகத் துணிச்சலான மொழிபெயர்ப்பு.

அடுத்த நாவலின் கச்சாப் பிரதியில் முதல் நாற்பது பக்கத்தைக் கொடுக்க எதெல்கா வந்தபோது அந்தக் கட்டுரையைக் காட்டினேன். கோபம் வரும் என்று நினைத்தேன். நிதானமாக எட்டுப் பக்கத்தையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இத வச்சுக்கட்டும் தம்பி," என்றார். "இதுல எங்களுது ஒண்ணும் இல்ல."